நல்லதில்ல

செவல்குளம் அங்கன்வாடியின் பதிவேட்டில் பிள்ளைகள் பதினான்கு பேர். வந்துகொண்டிருந்தது ஒன்பது. மீதி ஐந்தும் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேனில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, ஆப்பிள் படத்தைப் பார்த்து ஆப்பிள் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் தூங்கி வழிந்துகொண்டு திரும்பின. ரெஜினா டீச்சருக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. அது கடந்து போகும்வரை உள்ளே பீரோவைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ரெஜினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நரிக்குடிப் பக்கம் பிறந்தவள். வீட்டுக்காரர் மரியராஜ் இறந்து ஆறு வருஷமாகிறது. மகன் ஆலனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்துப் போன் பண்ணி, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று இரண்டு கேள்வி கேட்பான். அவளும் ஆமாம், ஆமாம் என்று இரண்டு பதில் சொல்வாள். மாறுதலில் செவல்குளத்துக்கு வந்து நான்கு வருஷம். அங்கன்வாடிக்குப் பின்னாலேயே ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். பகலெல்லாம் மூன்று வயதுக்காரர்களோடு பேசிப் பேசி, பெரிய மனிதர்களோடு பேச அவளுக்கு மறந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைப் பூட்டினால் மறுநாள் காலைவரை அவளுடைய தொண்டைக்கு வேலை கிடையாது.

பாடம் நடத்துவதில் மட்டும் அவளுக்குப் பிடிவாதம் உண்டு. மேலிடத்திலிருந்து வந்த அட்டைகளில் பனிமனிதன் இருந்தான், பெங்குவின் இருந்தது. எட்டு மாதம் வெயிலும் நாலு மாதம் வெக்கையுமாக இருக்கிற ஊரில் பனிமனிதனைக் காட்டி என்ன கேட்பது? அட்டைகளைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு பழைய செருப்புப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். அதற்குள் புளியங்கொட்டை, நத்தைக்கூடு, கருவேல நெற்று, மயில் இறகு, பஞ்சு, கரித்துண்டு.

மேல்பக்கத்தை வெட்டியெடுத்த இரண்டு தண்ணீர்ப் பாட்டிலில், ஒன்றில் கரிசல் மண்ணும் ஒன்றில் செவல் மண்ணும் போட்டுக் கலக்கி வைப்பாள். எது முதலில் தெளியும் என்று பிள்ளைகளுக்குள் பந்தயம் நடக்கும். செவல் சீக்கிரம் தெளிந்துவிடும். கரிசல் மத்தியானச் சோறு வரைக்கும் கலங்கியே கிடக்கும். பிறகு அந்தச் சேற்றை வழித்துத் தரையில் படம் போட வேண்டும். கரிசலில் எருமை, செவலில் சேவல். மறுநாள் வந்து பார்த்தால் எருமையின் வயிறு பாளம் பாளமாக வெடித்திருக்கும். சேவலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எருமை ஏன் டீச்சர் வெடிச்சிச்சு என்று தங்கமாரி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ரெஜினா முந்தின நாளெல்லாம் மண் சுமந்தாள்.

மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பை அவளே குச்சியால் தொட்டுக் கலக்குவாள். அது சிவப்பாக மாறும்போது பாடுவதற்கு அவளே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது.

மஞ்சள் மாமா வந்தாக
சுண்ணாம்பு அத்தை வந்தாக
ரெண்டு பேரும் சேந்து நின்னா
செவப்புத் தம்பி பொறந்தாக

தம்பிக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று சமையல் பார்க்கும் முருகேஸ்வரி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சத்துமாவை உருட்டிக்கொண்டு அவளும் பாடுவாள்.

ஸ்ருதி மாசி மாதம் வந்து சேர்ந்தாள். நாலு வயது நடந்துகொண்டிருந்தது. அவளை இடுப்பில் தூக்கி வந்த அப்பா பாலமணிகண்டனுக்கு முப்பது வயது இருக்கலாம். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனும் பொண்டாட்டியும் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். அவள் காமாலையில் போன பிறகு அந்தத் தறிக்கூடத்துக்குள் நுழைய முடியவில்லை என்று, செவல்குளத்துக்குத் தெற்கே சௌந்தரபாண்டியன் என்பவர் போட்டிருந்த, விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கு வேலைக்கு வந்துவிட்டான்.

ரெஜினா பதிவேட்டை விரித்துக் கட்டம் கட்டமாகக் கேட்டு எழுதினாள். தாய் பெயர் என்ற கட்டத்தில் அவன் பானுப்பிரியா என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான். உயிரோடு இல்லை என்று ரெஜினா பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள். அதற்கு அடுத்த கட்டம் தாய்மொழி. செத்துப்போனவளைப் பற்றி இதற்கு மேல் அவனை என்ன கேட்பது என்று, கேட்காமலே தமிழ் என்று எழுதி மூடிவிட்டாள். அவன் பேசியதும் எல்லாரும் பேசுகிற தமிழ்தானே.

பிள்ளை அழவில்லை. விளையாடவும் இல்லை. தினமும் வந்ததும் செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு கரித்துண்டையும் ஒரு கொத்துப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடும். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். கரியை ஒரு விரலால் தொடும், பஞ்சை ஒரு விரலால் தொடும்.

"நல்லதில்ல" என்று சொல்லும்.

வேறு எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டு மறுபடியும் கரியைத் தொட்டு, பஞ்சைத் தொட்டு, "நல்லதில்ல." மஞ்சள் தண்ணீர் சிவந்த அன்று மட்டும் எழுந்து கிட்டே வந்து பார்த்து, எர்ர என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. நாய் உறுமுகிற மாதிரி இருந்தது ரெஜினாவுக்கு.

"பெத்தவளப் பறிகுடுத்த புள்ள" என்றாள் முருகேஸ்வரி. "ஒலகத்துல எதப் பாத்தாலும் நல்லதில்லன்னுதான் தோணும். எனக்கே பாதி நாளு அப்பிடித்தான் இருக்கு."

பங்குனி போய், சித்திரை போய், ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போய், ஆவணியும் வந்தது. ஆறு மாதத்தில் அந்த ஒரு சொல்லைத் தவிர ரெஜினாவின் காதில் வேறு எதுவும் விழவில்லை. வளர்ச்சிக் குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். பேச்சு: ஒரே சொல், நல்லதில்ல. நிறம் அறிதல்: இல்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்தல்: இல்லை.

சூப்பர்வைசர் தங்கச்செல்வி அதைப் படித்தாள். சின்னப் பெண், நல்ல மாதிரிதான், பத்து ஊரைக் கட்டி மேய்க்கிறவள். பீரோவிலிருந்த அட்டைகளை எடுத்துவரச் சொல்லி, ஸ்ருதியின் முன்னால் பெங்குவினை நீட்டி என்ன நிறம் என்று கேட்டாள். பிள்ளை பெங்குவினின் முதுகைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது.

"நல்லதில்ல."

தங்கச்செல்விக்கு முகம் வாடிப்போயிற்று. விருதுநகரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கிற இல்லம் ஒன்று இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடு, பார்த்துக்கொள்ள ஆயா, இந்த வயதிலேயே சேர்த்தால்தான் உண்டு என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகவும், தகப்பன் வந்து கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கூட்டிப்போய்விடலாம் என்றும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஞாயிற்றுக்கிழமை தகப்பனைப் பார்த்து ரெஜினா அதையெல்லாம் சொன்னபோது, அவன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

ரெஜினா புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்ருதியைக் கையில் பிடித்துக்கொண்டு கரிமூட்டத்துக்கு நடந்தாள். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பாதையில் ஓர் ஆள் எதிர்ப்படவில்லை. நான்தானே எழுதினேன், நானே போய்க் கையெழுத்தும் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த மூலை காலியாக இருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. பிள்ளையின் கை அவள் கைக்குள் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. இருவருக்கும் அது பழகியிருந்தது.

மூட்டம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, பத்து நாளாக உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது. இப்போது மண்ணைத் தள்ளி, கரியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். ஆவியும் புகையும் கலந்து கண்ணை எரித்தது. நின்ற நாலு பேரில் பாலமணிகண்டன் யாரென்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. தலைமுதல் கால்வரை எல்லாரும் ஒரே கறுப்பு. பிள்ளைக்குத் தெரிந்தது. கையை உதறிக்கொண்டு ஓடி ஒருவனிடம் கையை நீட்டியது.

அவன் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வத்து ஸ்ருதி. நல்ல செய்யி."

ரெஜினா கிட்டே போய்ச் சேர்ந்தாள். "என்னத்தத் தம்பி நல்லாச் செய்யச் சொல்றீக?"

"யாரு டீச்சர்?"

"இப்பச் சொன்னீகள்ல புள்ளகிட்ட. நல்லாச் செய்யின்னு."

அவன் பல் தெரியச் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. "அது வேற டீச்சர். செய்யின்னா எங்க பேச்சுல கை. கை கறுப்பா இருக்கு, தொடாதன்னு சொன்னேன்."

"ஒங்க பேச்சா?"

"தெலுங்கு டீச்சர். நாங்க தறிக்காரவுகள்ல. தெருவே தெலுங்குதான். வெளிய வந்தாத்தான் தமிழு."

ரெஜினா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "கறுப்புக்கு என்ன சொன்னீக?"

"நல்ல."

"வெள்ளைக்கு?"

"தெல்ல."

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நல்ல, தெல்ல. கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். பெங்குவினின் முதுகு, பெங்குவினின் வயிறு. பக்கத்தில் கிடந்த கருவேலந் தூரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"செவப்புக்கு எர்ர. அப்பிடித்தானே தம்பி?"

"அட, ஒங்களுக்குத் தெரியுமே டீச்சர்."

"எனக்கு ஒண்ணுந் தெரியல தம்பி. ஒண்ணுமே தெரியாமத்தான் ஆறு மாசமா ஒக்காந்துருக்கேன்." அவள் பையிலிருந்த படிவத்தை வெளியே எடுத்தாள். "ஒங்க புள்ள கரியக் காட்டி கறுப்புங்குது, பஞ்சக் காட்டி வெள்ளைங்குது. நான் நல்லதில்லன்னு எழுதி வச்சிருக்கேன். ஒங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன்."

தெளித்த தண்ணீர் கரியில் சுர்ரென்று அடங்குவது கேட்டது.

"அவ பேசுறாளா டீச்சர்?"

"பேசிக்கிட்டேதான் இருந்துருக்கா. வீட்டுல நீங்க அவகிட்டப் பேசுறதில்லயா?"

"இல்ல டீச்சர்." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துண்டும் கறுப்பு. "எம் பொண்டாட்டி வாய் ஓயாமப் பேசுவா. தறிச் சத்தத்துல மத்தவுக சைகை காட்டுவாக, அவ கத்திப் பேசுவா. அந்தப் பேச்சுல ரெண்டு வார்த்த பேசுனா, மறு வார்த்தய அவ சொல்லுவான்னு நிக்கத் தோணுது. அதான் பேசுறதில்ல. தமிழ்ல பேசலாம்னா அது புள்ளைக்கு விளங்கல. வத்து, ரா, தின்னு. வேணாம், வா, சாப்பிடு, அம்புட்டுத்தான் எங்க வீட்டுப் பேச்சு."

ரெஜினாவுக்கு அது புதிதல்ல. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதைவிட ஒரு வார்த்தை கூடத்தான் இருந்தது.

"நீங்க கையெழுத்துப் போட வேண்டாம் தம்பி. புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல."

அவன் பிள்ளையைப் பார்த்தான். அது கரிக் குவியலின் ஓரத்தில் குந்தி ஒரு துண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"கொறை இல்லன்னா சந்தோசந்தான் டீச்சர். ஆனா அங்க மூணு வேள சோறு, பாத்துக்கிட ஆளுன்னு நீங்கதான சொன்னீக. காலையில நான் கெளம்பயில தூங்குறா. வேல விட்டு வரயில பக்கத்து வீட்டுல தூங்குறா. என்கூட இருந்து என்ன கண்டா? இங்க மூட்டம் போட்ட எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு." நிறுத்திக்கொண்டான். "வெள்ளிக்கெழமை வாரேன் டீச்சர். பாப்பம்."

அனுப்பாதே என்று சொல்ல ரெஜினா யார்? போகிறதற்குள் பத்துப் பதினைந்து தெலுங்குச் சொற்களைக் கேட்டு, படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இது என்ன என்பதற்கு இதி ஏமி. அப்பாவுக்கு நாயனா. அம்மாவுக்கு அம்மாதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவைப் பூட்டிய பிறகும் அவளுடைய தொண்டைக்கு வேலை இருந்தது. துணியைக் காயப்போட்டுக்கொண்டே இதி ஏமி, இதி ஏமி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தங்கச்செல்வி வந்தாள். பாலமணிகண்டன் வரவில்லை. பிள்ளையின் தாய்மொழி தெலுங்கு, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று ரெஜினா சொன்னதும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், ஆறு மாசமா மூலையில உக்காந்திருக்கிற பிள்ளை. பாஷை மட்டுந்தான் காரணம்னு நீங்களே முடிவு பண்ண முடியுமா?"

"முடியாது மேடம். நீங்களே பாருங்க. அட்டைய மட்டும் விட்டுருங்க. இந்தப் பெட்டிய வச்சுக் கேப்பம்."

ரெஜினா மூலைக்குப் போய் பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நத்தைக்கூட்டை எடுத்துக் காட்டினாள்.

"இதி ஏமி?"

ஸ்ருதி நிமிர்ந்தாள். டீச்சரின் வாயையே உற்றுப் பார்த்தாள். ரெஜினா மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலக்கி, தண்ணீர் சிவந்ததும், "எற" என்றாள்.

பிள்ளை சிரித்துவிட்டது. "எர்ர" என்று அழுத்தித் திருத்தியது.

"எறா."

"எர்ர்ர."

சுற்றி நின்ற எட்டுப் பிள்ளைகளும் எர்ர எர்ர என்று உறுமத் தொடங்கின. தங்கமாரி, செவப்புத் தம்பிக்கு இன்னொரு பேரா டீச்சர் என்று கேட்டாள். ஸ்ருதி எழுந்து நின்றுவிட்டாள். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டி என்னென்னவோ சொன்னாள். மயில் இறகுக்கு ஏதோ ஒரு நீளமான கதையே இருந்தது. ரெஜினாவுக்குப் பத்தில் ஒன்று புரிந்தது. தங்கச்செல்வி குறிப்பேட்டை எடுத்து நிறம் அறிதல் என்ற இடத்தில் அடித்துவிட்டுத் திருத்தினாள்.

லோடு ஏற்றிவிட்டு அப்படியே வந்திருந்த பாலமணிகண்டன் எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. வாசலில் நின்றான். தரையெல்லாம் கரியாகிவிடும் என்று உள்ளே வரவில்லை.

கடைசியில் ஸ்ருதி கரித்துண்டையும் பஞ்சையும் எடுத்து வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நல்ல, தெல்ல. ஏன் எப்போதும் இந்த இரண்டும் என்று ரெஜினாவுக்குக் கேட்க வேண்டும், கேட்கத் தெலுங்கு போதவில்லை. கரியைத் தொட்டு மறுபடியும், "இதி ஏமி?" என்றாள்.

"நாயனா."

பஞ்சைத் தொட்டாள். "இதி?"

"அம்மா" என்றாள் ஸ்ருதி. பஞ்சை எடுத்துத் தன் தலைமுடியில் வைத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் கரிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தாள்.

ரெஜினாவுக்குப் பஞ்சு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றவன் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தறியில எட்டு மணி நேரம் நின்னா தலையெல்லாம் பஞ்சுதான் டீச்சர்" என்றான். "வீட்டுக்கு வந்ததும் இவதான் மடியில ஒக்காந்து ஒண்ணொண்ணா எடுப்பா. அது இவளுக்கு நெனப்பு இருக்காதுன்னுல இருந்தேன்."

ஆறு மாதமாகத் தினமும் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறது. தினமும் நல்லதில்ல, நல்லதில்ல என்று எழுதியிருக்கிறேன். ரெஜினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுண்ணாம்புக் கை, இன்னும் எரிந்தது.

தங்கச்செல்வி பாலமணிகண்டன் பக்கம் திரும்பினாள். "பயிற்சின்னு அனுப்ப வேண்டியதில்ல. ஆனா தாயில்லாத பிள்ளை, பார்த்துக்க ஆள் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா வேற எடத்துல சேர்த்துவிட முடியும். நீங்கதான் சொல்லணும்."

ஸ்ருதி ஓடிப் போய் அவன் விரலைப் பிடித்தாள்.

"வத்து ஸ்ருதி. நல்ல செய்யி."

அவள் விடவில்லை. அவனை அண்ணாந்து பார்த்து, மூலையில் இருந்த கரியைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"நல்ல நாயனா."

சோற்றுக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்த முருகேஸ்வரிக்கு நடந்தது எதுவும் தெரியாது. "ஆமா தாயி" என்றாள். "நல்ல நாயனாதான். யாரு இல்லன்னா?"

ரெஜினா அதைத் திருத்தவில்லை. அவனும் திருத்தவில்லை. பிடித்திருந்த விரலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"அனுப்பல மேடம்" என்றான். "என்கிட்டயே இருக்கட்டும்."

தங்கச்செல்வி போன பிறகு அவனுக்கும் ஓர் இலையில் சோறு போட்டார்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். ரெஜினா பதிவேட்டை எடுத்து, தாய்மொழி என்ற கட்டத்தில் இருந்ததை ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் தெலுங்கு என்று எழுதினாள்.

தகப்பனும் பிள்ளையும் கிளம்பினார்கள். பிள்ளை ஒரு கையில் பஞ்சை வைத்திருந்தது. முதலில் அதுதான் பேசிற்று. பிறகு அவன் ஏதோ கேட்டான். அது சொன்னது. அவன் மறுபடியும் கேட்டான். வேலிக் கருவேலம் மறைக்கும்வரை இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே போயின. ரெஜினா கதவோரம் நின்றாள். ஒரு சொல்கூட அவளுக்குப் பிடிபடவில்லை.

முருகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன டீச்சரு பேசிட்டுப் போறாக?"

"தெரியல முருகேஸ்வரி" என்றாள் ரெஜினா. "பேசிட்டுப் போறாக."